தாய் காணாத மணக்கோலம்

தோபித்து நூலின் பகுதிகளை ஞாயிறு திருப்பலியில் நாம் கேட்பதில்லை. திருமணத் திருப்பலிகளில், தோபியாவும் சாராவும் மணநாள் இரவில் செய்த மன்றாட்டு சிலவேளை வாசிக்கப்படும். அம்மன்றாட்டுக்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவை பலருடைய நினைவில் நிற்பதில்லை. நினிவே நகரில் கண்பார்வையை இழந்து வறுமையுற்றிருந்த தோபித்து, முன்னொரு காலத்தில் மேதியா நாட்டில் ஒருவரிடம் ஒப்படைத்திருந்த வெள்ளியை வாங்கிவரத் தம் ஒரே மகனை அனுப்புகிறார். வழித்துணைக்கு ஒருவர் கிடைக்கிறார். அவர் வானதூதர் இரபேல் என்பது தந்தைக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. போகும் வழியில் எக்பத்தானா நகரில் இரகுவேலின் இல்லத்தில் தங்குகிறார்கள். அவ்வீட்டு மகள் சாராவைத் தோபியா மணமுடிக்கிறான். பணம் வாங்கப் போன பிள்ளை மணமகன் ஆகிவிட்டான். அங்கே பதினான்கு நாள் விருந்து நடக்கிறது. இங்கே நினிவேயில் தந்தை நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். தாய் அன்னாவோ மகன் இறந்தே போனான் என்று முடிவு கட்டி, உணவை மறந்து, அவன் சென்ற பாதையையே பார்த்தபடி நாள்தோறும் நிற்கிறாள்.

பிள்ளையின் மணக்கோலத்தைக் கண்ணால் காணாத தாய்மார் எம் குடும்பங்களில் எத்தனை பேர் என்பதை வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் புலம்பெயர்ந்த பிள்ளைகளின் திருமணத்தைப் பற்றி இங்கே எழுத வரவில்லை. அவர்களுக்கு இலண்டனிலோ தொறன்ரோவிலோ ஒரு சித்தப்பாவாவது பெரியம்மாவாவது இருப்பார். தோபியாவுக்குங்கூட இரகுவேல் சொந்த இனத்தவரே. சொந்தம் என்று ஒருவரும் இல்லாத இடத்தில், தொண்டுக்காக ஒன்றுசேர்ந்த பல தேசத்தவரின் நடுவே இருவர் மணமுடிக்கும்போது அத்திருமணத்தை யார் கொண்டாடுகிறார்கள், யார் தாங்கிக்கொள்கிறார்கள் என்பதே இவ்வாரம் நாம் சிந்திக்க விழைவது. அத்தகைய சமூகங்களுள் ஒன்று கப்பலில் வாழ்கிறது.

மேர்சி ஷிப்ஸ் என்னும் மருத்துவக் கப்பல் சேவை 1978இல் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் உருவாயிற்று. டொன் ஸ்ரீபன்ஸ், டெயோன் ஸ்ரீபன்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் அதனைத் தொடங்கினர். இத்தாலியிலிருந்து இந்தியா வழியாகத் தூரகிழக்குக்குப் பயணிகளை ஏற்றிச்சென்ற ‘விக்டோரியா’ என்னும் பழைய கப்பலை ஏறத்தாழ பத்து இலட்சம் டொலருக்கு வாங்கினர். கிரேக்க நாட்டின் கரையில் ஆண்டுக்கணக்காக அதனைத் திருத்தி, 1982இல் கடலில் விட்டனர். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘அனஸ்ராசிஸ்’. உயிர்ப்பு என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். இம்முயற்சி கத்தோலிக்கத் திருச்சபைக்குள் பிறந்ததன்று. பிற கிறிஸ்தவ சபையினரே அதற்கு வித்திட்டனர். எனினும் அதன் தொடக்கக் கதையில் அன்னை தெரேசாவுக்கு ஓர் இடம் உண்டு. ஸ்ரீபன்ஸ் தம்பதியரின் பிள்ளைகளுள் ஒருவர் கடுமையான உடல் உளக் குறைபாட்டுடன் பிறந்தவர். கல்கத்தாவில் அன்னையைச் சந்தித்தபோது, ஏழைகளுக்குத் தொண்டுசெய்யும் வழியில் இந்தப் பிள்ளையே உமக்குத் துணைநிற்பான் என்னும் பொருள்பட அவர் கூறியதாக டொன் ஸ்ரீபன்ஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். குடும்பத்தின் சுமை என்று உலகம் எண்ணிய பிள்ளையை அன்னை பார்த்த விதம் வேறு.

‘அனஸ்ராசிஸ்’ 2007இல் ஓய்வு பெற்றது. அவ்வாண்டே, டென்மார்க்கில் புகையிரதங்களைச் சுமந்துசென்ற ஒரு கப்பல் மருத்துவமனையாக மாற்றப்பட்டு ‘ஆபிரிக்கா மேர்சி’ என்ற பெயரில் சேவைக்கு வந்தது. சீனாவில் புதிதாகக் கட்டப்பட்ட ‘குளோபல் மேர்சி’ 2021இல் ஒப்படைக்கப்பட்டது. 174 மீற்றர் நீளமும் பன்னிரண்டு தளங்களும் ஆறு சத்திரசிகிச்சைக் கூடங்களும் கொண்ட அக்கப்பலில் பணியாளர் அறுநூறு பேருக்கு மேல் தங்கலாம். 2022இல் செனகல் நாட்டின் டக்காரிலும், 2023 முதல் சியரா லியோனின் பிரீடவுன் துறைமுகத்திலும் அது தொண்டாற்றியது. கட்டி, பிளவுபட்ட உதடு, வளைந்த கால், கண்புரை, தீக்காயத் தழும்பு என்று வந்தோருக்கு இக்கப்பல்களில் கட்டணமின்றிச் சத்திரசிகிச்சை செய்யப்படுகிறது.

பணியாளருக்குச் சம்பளம் இல்லை. வைத்தியர், தாதியர் மட்டுமல்ல, பொறியியலாளர், மாலுமி, சமையற்காரர், மின்வேலைக்காரர், ஆசிரியர், முடிதிருத்துபவர் என எல்லோரும் தொண்டர்களே. தங்குமிடத்துக்கும் உணவுக்குமாக மாதந்தோறும் தாமே கட்டணம் செலுத்தி நெடுங்காலம் தொண்டாற்றியோர் அங்கு பலர். சிலர் இரண்டு வாரத்துக்கு வருவர், சிலர் இரண்டு ஆண்டுக்கு வருவர்; மூட்டை கட்ட மறந்தவர் போல் தங்கிவிட்டோரும் உண்டு. தனியாட்கள் பலர் ஒரே அறையில் அடுக்குப் படுக்கைகளில் உறங்குவர். குடும்பத்தோடு வருவோருக்குத் தனி அறைகளும், பிள்ளைகளுக்குக் கப்பலிலேயே பாடசாலையும் உண்டு. கப்பல் ஒரே துறைமுகத்தில் ஏறக்குறைய பத்து மாதம் நிற்கும். அக்காலம் முழுவதும் காலை உணவுக்கு அதே முகங்கள், மருத்துவ விடுதியில் அதே முகங்கள், மாலைச் செபத்திலும் அதே முகங்கள்.

இப்படி வாழ்வோர் ஒருவரையொருவர் அறியும் விதம் வேறு. நகரத்தில் பழகும் இருவர் நல்ல உடையோடும் நல்ல மனநிலையோடும் சந்தித்துப் பிரிவர். கப்பலிலோ, இரவுப் பணி முடித்துச் சிவந்த கண்ணோடு வருபவரையும், நோயாளிப் பிள்ளை இறந்ததனால் பேச்சிழந்து நிற்பவரையும், தண்ணீர் தட்டுப்பட்டால் எரிந்து விழுபவரையும் எல்லோரும் பார்ப்பர். மறைக்க இடமில்லை. பெண் பார்க்கப் போனவர்கள் பலகாரத் தட்டைக் கண்டு திரும்பும் எம் வழக்கத்தோடு ஒப்பிட்டால், இதிலே உண்மை சற்று அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கறி பார்க்கர் என்னும் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணரின் கதை இதற்குச் சான்று. முகத்திலும் தாடையிலும் வளரும் கட்டிகளை அகற்றுவதில் தேர்ந்தவர் அவர். 1980களின் பிற்பகுதியில், சில மாதங்கள் மட்டும் உதவலாம் என்று ‘அனஸ்ராசிஸ்’ கப்பலில் ஏறினார். மூன்று தசாப்தங்களுக்கு மேலாக அச்சேவையை விட்டு அவர் போகவில்லை. அக்கப்பலிலேயே சூசன் என்னும் தொண்டரைச் சந்தித்து மணமுடித்தார். அவர்களுடைய பிள்ளைகள் இருவரும் கப்பலிலேயே வளர்ந்தனர். மூச்சையே அடைக்குமளவுக்குப் பெருத்த கட்டியோடு, ஊரார் பேயென்று விரட்டிய மனிதரைத் தொட்டு நலமாக்கும் தந்தையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். வீடு என்றால் சுவரும் முற்றமும் என்று எண்ணும் எமக்கு, துறைமுகம் மாறினாலும் மாறாத வீடு என்பது புதுமையே.

இனி, கத்தோலிக்கர் ஒருவர் இத்தகைய இடத்தில் மணமுடிக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். பிள்ளைகள் தூரதேசத்தில் இருக்கும் பெற்றோருக்கு இது பயன்படும்.

கப்பல் என்றதும், கப்டனே மணமுடித்து வைப்பார் என்று திரைப்படம் பார்த்த அனைவரும் எண்ணுவர். சில நாடுகளின் கொடி பறக்கும் கப்பல்களில் கப்டன் நடத்தும் குடியியல் திருமணத்தை அந்நாட்டுச் சட்டம் ஏற்கிறது என்பது உண்மையே. எல்லாக் கப்பல்களுக்கும் இது பொருந்தாது. திருச்சபையைப் பொறுத்தவரை கப்டனுக்கு அத்தகைய அதிகாரம் எதுவும் இல்லை. கத்தோலிக்கரின் திருமணம் பங்குத்தந்தையின் முன்னிலையிலோ, அவரிடமோ ஆயரிடமோ அதிகாரம் பெற்ற குருவின் அல்லது திருத்தொண்டரின் முன்னிலையிலோ, இரு சாட்சிகள் பார்த்திருக்க நடைபெற வேண்டும். கப்பலில் ஒரு குருவானவர் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. கடற்பணியாளருக்கான திருச்சபைப் பணியை ஒழுங்குபடுத்தி, திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1997இல் ‘கடலின் விண்மீன்’ என்னும் பொருள்படும் இலத்தீன் பெயரில் ஒரு திருமடலை வெளியிட்டார். ஆன்மிக வழிகாட்டியான குரு கப்பலில் தமது பணிக்குரிய மற்றக் கடமைகளையெல்லாம் செய்யலாம். திருமணத்தை மட்டும் தம் பதவியின் பெயரால் நடத்திவைக்க முடியாது, அதற்குத் தனியாக அதிகாரம் பெற வேண்டும் என்று அது வரையறுக்கிறது.

காரணம் எளிது. திருமணம் நடுக்கடலில் நிகழ்ந்தாலும் அது ஏதோ ஒரு பங்குக்கு உரியது. மணமக்களுள் ஒருவர் நிலையாக வாழும் பங்கில், அல்லது ஒரு மாதமேனும் தங்கியிருந்த பங்கில் மணமுடிக்கலாம் என்கிறது திருச்சபைச் சட்டம். துறைமுகத்தில் பத்து மாதம் நிற்கும் கப்பலில் வாழ்பவருக்கு அத்துறைமுகத்தின் பங்கு அந்நியமானதன்று. பிரீடவுனில் திரு இருதயப் பேராலயம் இருக்கிறது. அங்குள்ள இறைமக்கள் தம்முடைய மொழியிலும் தாளத்திலும் திருப்பலியில் பாடுகிறார்கள். கப்பலின் தாதி ஒருத்தி அங்கே மணமுடிப்பாளாயின், அவளுடைய மணவிழா கப்பலாருக்கு மட்டும் உரியதாய் இராது. அவளால் மருந்திடப்பட்ட ஊரார் பின்வரிசைகளில் வந்து அமர்வதை யார் தடுக்க முடியும்?

குருவே எட்டாத இடங்களும் உண்டு. ஒரு மாதத்துக்குள் உரிய குருவானவரைப் பெரும் இடரின்றி அடைய இயலாது என்பது உறுதியானால், இரு சாட்சிகளின் முன்னிலையில் மட்டும் மணமக்கள் தரும் சம்மதம் செல்லும் என்று திருச்சபைச் சட்டம் இடமளிக்கிறது. காட்டிலும் பனிப்புலத்திலும் தொண்டாற்றுவோர்க்கு இது ஆறுதல். இலத்தீன் திருச்சபையின் போதனைப்படி, இவ்வருட்சாதனத்தை ஒருவருக்கொருவர் வழங்குபவர்கள் மணமக்களே. குருவானவர் திருச்சபையின் பெயரால் அச்சம்மதத்தைக் கேட்டு ஏற்றுக்கொள்கிறார். சாட்சிகள் இருவரும் கத்தோலிக்கராகவே இருக்க வேண்டும் என்றுகூடச் சட்டம் கட்டளையிடவில்லை. கப்பலின் சமையற்காரரும் இயந்திர அறைத் தொழிலாளியும் சாட்சிக் கையெழுத்து வைக்கலாம்.

பல சபையினரும் ஒன்றாய் வாழும் இத்தகைய சமூகங்களில், கத்தோலிக்கரின் வாழ்க்கைத் துணை பிற சபையில் திருமுழுக்குப் பெற்றவராய் அமைவது இயல்பு. அதற்கு ஆயரின் அனுமதி வேண்டும். தம் நம்பிக்கையில் நிலைத்திருப்பதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கத் திருச்சபையில் வளர்க்கத் தம்மால் இயன்ற அனைத்தையும் செய்வதாகவும் கத்தோலிக்கர் வாக்களிக்க வேண்டும். அவ்வாக்குறுதி மற்றவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே மேசையில் உண்டு ஒரே நோயாளிக்குத் தொண்டுசெய்தபோது கண்ணில் படாத வேறுபாடுகள், முதற்பிள்ளையின் திருமுழுக்கு நாளில் கண்ணில் படும். முன்கூட்டியே பேசிக்கொள்வதே அறிவுடைமை.

சட்டத்தை விட்டு மணவிழாவுக்கு வருவோம். எம் ஊர்க் கலியாணத்தில் ஒவ்வோர் உறவுக்கும் ஒரு வேலை உண்டு. தாய்மாமனுக்கு ஒன்று, தோழனுக்கு ஒன்று, தோழிக்கு ஒன்று; பந்தலுக்கு ஓலை கொண்டுவரும் அயலவருக்கும் ஓர் உரிமை. அந்த வேலையைத் தரவில்லை என்று பத்து வருடம் பேசாதிருக்கும் சொந்தங்களையும் அறிவோம். தொண்டர் சமூகத்தில் இவ்வுரிமைகள் எவருக்கும் பிறப்பால் வருவதில்லை. எனவே யார் முன்வருகிறாரோ அவருடையது அந்த வேலை. ஊசி பிடிக்கத் தெரிந்தவள் மணப்பெண்ணின் உடைக்கு மடிப்பு வைக்கிறாள். வெதுப்பகத்தில் நிற்பவர் கேக் செய்கிறார். இசைக்கருவி தெரிந்த இருவர் ஒரு பாடற்குழுவாகிவிடுகிறார்கள். தந்தையின் கையைப் பிடித்து வரவேண்டிய பெண்ணை, வயதில் மூத்த ஒரு பொறியியலாளர் அழைத்துவருகிறார். தொண்டர் சமூகங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இதுவே வழக்கம். பரிசுப் பொருள்கள் பெருகுவதில்லை. பெருகினாலும் அடுக்குப் படுக்கை அறையில் வைக்க இடமேது? இருவர் தங்கும் தனி அறையொன்று கிடைப்பதே அங்கு பெரிய சீர்வரிசை.

அன்னை தெரேசா தம் உரைகள் சிலவற்றில் சொன்ன ஒரு நிகழ்ச்சி இங்கே நினைவுக்கு வருகிறது. கல்கத்தாவில் இளம் மணமக்கள் இருவர் பெருந்தொகைப் பணத்தை அவரிடம் கொண்டுவந்தனர். மண உடை வாங்காமலும் விருந்து வைக்காமலும் மிச்சம்பிடித்து, அதனை ஏழைகளின் உணவுக்காகத் தருவது என்று இருவருமே முடிவுசெய்திருந்தனர். அவர்கள் கிறிஸ்தவர் அல்லர், இந்துக்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட குடும்ப அன்பு பற்றிய திருத்தூது ஊக்கவுரையிலும், அழைப்பிதழ், உடை, விருந்து என்று பணத்தையும் வலுவையும் இழந்து, மணநாளில் களைத்துப்போய் நிற்கும் மணமக்களைப் பற்றிக் கவலையோடு பேசியிருக்கிறார். கடன் வாங்கிக் காணொளி எடுக்கும் எமக்கும் அது பொருந்தும் என்று நினைப்பதில் தவறில்லை. அதற்காக விருந்தே வேண்டாம் என்பவன் நானல்லன். கானாவூரில் ஆண்டவர் இரசத்தை நிறைவாகவே கொடுத்தார்.

கப்பலில் நடைபெறும் கொண்டாட்டம் ஒன்றை இதுவரை சொல்லாமல் விட்டேன். அது திருமணம் அன்று. ஆயினும் திருமணத்தைப் பற்றிப் பேசும்போது அதைச் சொல்லாதிருக்க முடியாது.

பிள்ளைப்பேற்று வேதனை நாட்கணக்கில் நீண்டு, உரிய நேரத்தில் சத்திரசிகிச்சை கிடைக்காதபோது, தாயின் உடலுள் புண்ணாகித் துவாரம் விழுகிறது. பெரும்பாலும் பிள்ளை இறந்து பிறக்கிறது. அன்றிலிருந்து அவளால் சிறுநீரைக் கட்டுப்படுத்த முடிவதில்லை. நாற்றத்தினால் ஊரார் விலகுகின்றனர். கணவனும் விட்டுச் செல்வதுண்டு. தீட்டுப்பட்டவள் என்றும் சபிக்கப்பட்டவள் என்றும் ஒதுக்கப்பட்டு ஆண்டுக்கணக்காகத் தனிமையில் வாழும் பெண்கள் ஆபிரிக்காவில் இன்றும் இருக்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டு பெரும்பாட்டினால் வருந்தி, கூட்டத்தில் ஒளிந்து வந்து ஆண்டவரின் ஆடையைத் தொட்ட பெண்ணை நற்செய்தியில் அறிவோம். அவளுடைய சகோதரிகளே இவர்கள்.

இவர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்து நலமானபின், மேர்சி ஷிப்ஸ் கப்பல்களில் ‘ஆடை விழா’ ஒன்று நடத்துவது வழக்கம். ஒவ்வொரு பெண்ணுக்கும் புத்தாடை தருகிறார்கள். முகத்தை அலங்கரித்து, தலைக்குத் துணி கட்டி அழகுபடுத்துகிறார்கள். பாடியும் ஆடியும் மேளம் கொட்டியும் அவர்களை விடுதிக்குள் அழைத்துவருகிறார்கள். அவர்கள் ஒவ்வொருவராய் எழுந்து தம் கதையைச் சொல்லி நன்றி கூறுகிறார்கள். மணமகளுக்குரிய கோலம் முழுவதும் அங்கே உண்டு. மணமகன் மட்டும் இல்லை. தாதியரும் வைத்தியரும் வேலையாட்களும் கூடிநின்று கைதட்டுகிறார்கள்.

அதே தாதியருள் ஒருத்தி, வேறொரு நாளில் தானே மணக்கோலத்தில் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நோயிலும் உன்னைக் கைவிடேன் என்று அவளும் அவளுடைய மணமகனும் சொல்லும்போது, அவ்வாக்கு எம்மில் பலர் சொன்னதைப் போல் மனனம் செய்த வரியாய் இராது. கைவிடப்பட்டவளின் படுக்கை விரிப்பை அவள் தன் கையாலே மாற்றியிருக்கிறாள். நோயுற்ற மனைவியை விட்டுப் போதல் என்றால் என்ன என்பதை அவள் முகத்துக்கு முகம் பார்த்திருக்கிறாள். திருமண ஆயத்த வகுப்புகளில் நாம் காட்டும் ஒளிப்படங்களும் பேசும் பேச்சுகளும் அந்த விடுதியில் ஓர் இரவுப் பணிக்கு ஈடாகுமா என்பது ஐயமே.

ஆனாலும் இச்சமூகங்களில் கூடும் திருமணங்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. அதை மூடிமறைத்தல் நேர்மையன்று. கூடியவர்கள் கலைந்துவிடுவார்கள். மண உடைக்கு மடிப்பு வைத்தவள் அடுத்த மாதம் ஒல்லாந்துக்குப் போய்விடுவாள். சாட்சிக் கையெழுத்திட்டவர் ஆண்டு முடிவில் அவுஸ்திரேலியாவுக்குத் திரும்புவார். எம் ஊரில், தலைவாசலில் சத்தம் கேட்டால் மறுநாளே மாமியும் மாமனும் வந்து குந்திவிடுவர். அது தொல்லையாயினும் காவலுமாகும். ஒரே இலட்சியத்தின் வெப்பத்தில் இணைந்த இருவர், தொண்டுக்காலம் முடிந்து ஏதோவொரு நகரத்தில் வாடகை வீட்டில் தனித்து இருக்கும்போதுதான் தம்மை முதன்முறையாகச் சந்திக்கிறார்கள். நோயாளி இல்லை, கப்பல் இல்லை, கைதட்டுவோர் இல்லை. மின்கட்டணச் சீட்டு மட்டும் இருக்கிறது. பிறரைத் தாங்குவதற்காகச் சேர்ந்து நின்றவர்கள், ஒருவரையொருவர் பார்த்து நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்போது யார் கதவைத் தட்டுவார்? மணநாளில் இல்லாதிருந்த சொந்தங்கள் உண்மையில் தேவைப்படுவது அந்தக் காலத்தில்தான். எங்களைக் கூப்பிடாமல் செய்த கலியாணம்தானே என்று முகத்தைத் திருப்பியிருக்கும் பெற்றோர், அந்தக் கதவைத் தாமே அடைத்தவராவர்.

தோபியாவின் கதையில் மிச்சப் பகுதி இதற்காகவே எழுதப்பட்டதோ என்று தோன்றும். பதினான்கு நாள் முடிந்ததும் இன்னும் தங்குமாறு இரகுவேல் வற்புறுத்துகிறார். தோபியா இணங்கவில்லை, தந்தையும் தாயும் தன்னைக் காணும் நம்பிக்கையை இழந்திருப்பர் என்பது அவனுக்குத் தெரியும். இரகுவேல் தம் உடைமையில் பாதியையும் மகளையும் கொடுத்து அனுப்புகிறார். எதினா தன் மகளை அவனுடைய பொறுப்பில் விட்டு, அவளை ஒருபோதும் வருத்தாதே என்று கேட்டுக்கொள்கிறாள். நினிவேயில், வழியையே பார்த்திருந்த அன்னாதான் மகனை முதலில் காண்கிறாள். தந்தையின் கண்கள் திறக்கின்றன. அதன்பின் தோபித்து செய்வது என்ன? மருமகளை எதிர்கொண்டு அழைக்க நகர வாயிலுக்கே நடந்து போகிறார். கைபிடித்து நடத்துவோர் இல்லாமல் அவர் நடப்பதைக் கண்டு ஊரார் வியக்கின்றனர். எனக்குச் சொல்லாமல் எப்படி முடித்தாய் என்ற கேள்வி அந்நூலில் எங்கும் இல்லை. அவர் அவளை மகளே என்று அழைத்து வாழ்த்தி வரவேற்கிறார். பின்னர் நினிவேயிலும் ஏழு நாள் மணவிழா நடக்கிறது.

இங்கே எம் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. வெளிநாட்டில் திருச்சபை முறைப்படி மணமுடித்த பிள்ளைகள் ஊருக்கு வரும்போது, நாங்கள் பார்க்கவில்லை, மறுபடியும் தாலி கட்டட்டும், மறுபடியும் கோயிலில் கலியாணம் நடக்கட்டும் என்று சில பெற்றோர் பங்குத்தந்தையிடம் போய் நிற்பதுண்டு. செல்லுபடியான திருமணத்தை மீண்டும் நடத்த முடியாது. ஒருமுறை கொடுத்த சம்மதத்தை, பார்வையாளருக்காக இரண்டாம் முறை கொடுப்பது அருட்சாதனத்தை நாடகமாக்கிவிடும். கலப்புத் திருமணத்தில், முன்போ பின்போ இன்னொரு சமயச் சடங்கில் சம்மதத்தைத் திரும்பப் பெறுவதைச் சட்டம் வெளிப்படையாகவே தடுக்கிறது. நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். அதில் மணமக்களுக்கு ஆசீர் வேண்டலாம். அதன்பின் விருந்து வைக்கலாம். நினிவேயில் நடந்ததும் இதுவே. அங்கே மணம் இரண்டாம் முறை முடிக்கப்படவில்லை. மகிழ்ச்சிதான் இரண்டாம் முறை வந்தது.

எக்பத்தானாவில் இரகுவேல் தம் மகளைக் கைப்பிடித்துக் கொடுத்தவுடன் செய்த செயல் ஒன்று இருக்கிறது. மனைவியிடம் ஏடு கொண்டுவரச் சொல்லித் திருமண ஒப்பந்தத்தை எழுதினார்; அதன்பிறகே எல்லோரும் உண்ணவும் பருகவும் தொடங்கினர். இன்றைய திருச்சபையும் அதே ஒழுங்கை வேறுவிதமாகக் கைக்கொள்கிறது. தூரதேசத்தில் மணமுடிக்க விரும்பும் பிள்ளை, தான் திருமுழுக்குப் பெற்ற பங்கிலிருந்து அண்மையில் எடுத்த சான்றிதழைக் கேட்டு எழுத வேண்டும். மணமுடிக்கத் தடையில்லை என்பதற்கான உறுதி வேண்டும். இவ்விடத்தில் பெற்றோருக்கு ஒரு வேலை கிடைக்கிறது. பங்கு அலுவலகத்துக்குப் போய், பிறந்த ஆண்டையும் ஞானத்தாய் தந்தையின் பெயரையும் சொல்லி, ஏட்டைத் தேடச் செய்து, முத்திரையிட்ட பத்திரத்தை வாங்கி அனுப்புவது. மகளின் மணநாளுக்குப் போகமுடியாத தாய் செய்யக்கூடிய முதற்சீர் அது. போரினால் சிதைந்த, இடம்பெயர்ந்த பங்குகளின் ஏடுகள் சில கிடைக்காமற் போயிருக்கலாம். அவ்வாறாயின் திருமுழுக்குக்கு நேரில் இருந்த நம்பத்தகுந்த ஒருவரின் சாட்சியம் போதுமாகலாம், பங்குத்தந்தையிடம் கேட்டறிக.

திருமணம் முடிந்தபின் கடிதம் எதிர்த்திசையில் வருகிறது. மணவிழா நடந்த பங்கின் குருவானவர் அதனைத் தம் திருமண ஏட்டில் பதிந்து, மணமக்கள் திருமுழுக்குப் பெற்ற பங்குகளுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். அத்தாள் மேற்கு ஆபிரிக்கத் துறைமுகம் ஒன்றிலிருந்து புறப்பட்டு எங்கள் ஊர்ப் பங்கு அலுவலகத்துக்கு வந்து சேரும்போது, பங்குத்தந்தை பழைய திருமுழுக்கு ஏட்டை எடுத்துப் பக்கத்தைப் புரட்டுவார். முப்பது ஆண்டுக்கு முன் மை மங்கிய எழுத்தில் எழுதப்பட்ட குழந்தையின் பெயர். பக்கத்தில் தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானப்பெற்றோர் பெயர். அந்த வரிக்கு எதிரே ஓரத்தில் விடப்பட்டிருக்கும் வெற்றிடத்தில், யாரை, எந்நாளில், எந்த ஊர்க் கோயிலில் மணமுடித்தார் என்பதை எழுதுவார். தாய் காணாத மணக்கோலம் தாயின் பெயருக்கு அருகிலேயே வந்து அமர்ந்துவிடும். விரும்பினால் அவள் போய்ப் பார்க்கலாம். ஏட்டைக் காட்டுங்கள் சுவாமி என்று கேட்டால் மறுக்கமாட்டார்.